வார்டுக்குள் மைக்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படிப்பதா வேண்டாமா என்பதை அப்புறம் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வார்டுக்குள் மைக் கொண்டுபோனவன் நான். கல்யாண மண்டபத்துக்கு இல்லை, கட்சிக் கூட்டத்துக்கு இல்லை. ஆபரேஷன் முடிந்து நாற்பது பேர் படுத்திருக்கும் ஆண்கள் வார்டுக்கு. மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அரை மணி நேரம் பேரம் பேசி வாங்கினேன். தோளில் ஒரு பெட்டி, வாய்க்கு நேரே ஒரு கம்பி. பொத்தானை அழுத்தியதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் “ப்ளூடூத் மோட்!” என்று அலறும். அதை நிறுத்தும் வழி கடைக்காரருக்கும் தெரியவில்லை. முதல் சனிக்கிழமை அது அலறியபோது, கண்ணயர்ந்திருந்த ஒரு பெரியவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்து, “இது எந்த ஸ்டேஷன்?” என்று கேட்டார்.

திருச்சிக்கு வெளியே, நெடுஞ்சாலையோரம் இருக்கிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் மாணவர் சேர்க்கைப் பிரிவில் எனக்கு வேலை. நீட் மதிப்பெண் வந்த கையோடு, கலந்தாய்வில் எந்தக் கல்லூரியை எழுதுவது என்று புரியாமல் பிள்ளைகளும் பெற்றோரும் வண்டி பிடித்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்குக் கல்லூரியையும் ஆஸ்பத்திரியையும் சுற்றிக்காட்ட வேண்டியது நான். வாய் நீளம் என்பதைத் தவிர இதற்கு எனக்கு வேறு தகுதி கிடையாது. ஒரே நடையில் முப்பது, நாற்பது பேர். நூலகத்தில் ஏசி, ஜிம்மில் டிரெட்மில், உடற்கூறு அறையின் பூட்டிய கதவு, கடைசியாக நிஜ நோயாளிகள். அப்பாக்கள் ஹாஸ்டல் பாத்ரூமைப் பார்ப்பார்கள், அம்மாக்கள் மெஸ் சாம்பாரைப் பார்ப்பார்கள், டாக்டராகப் போகிறவர்கள் ஃபோனைப் பார்ப்பார்கள். உடற்கூறு அறை வாசலில் நின்று, “இங்கே தங்கியிருக்கிற யாரும் இதுவரை எங்கள் மேல் ஒரு புகார் கொடுத்ததில்லை” என்பேன். யாராவது ஒரு அப்பா மரியாதைக்குச் சிரிப்பார்.

அந்த மைக் சனிக்கிழமை, அலறல் கேட்டுத் திகைத்த கூட்டம் வார்டு வாசலையே அடைத்துக்கொண்டு நின்றுவிட்டது. கதவோரக் கட்டிலிலிருந்து என் மைக்கை விழுங்குகிற மாதிரி ஒரு குரல்: “படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள பூரா காலியா கெடக்கு!” மொத்தக் கூட்டமும் தன்னையறியாமல் நாலடி நகர்ந்தது. பஸ்ஸில் வளர்ந்த ஜனம்.

அவர் ரிடையர்டு கண்டக்டர். ஸ்ரீரங்கத்துக்கும் சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே ஆயுளைக் கழித்தவர். வார்டில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான். கேஸ் ஷீட்டில் வேறு பெயர் இருந்தது. பாதத்தில் ஆறாத சர்க்கரைப் புண், அதற்காக மாதக்கணக்காகப் படுக்கை. திருவானைக்காவலில் இருந்த வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி இல்லை. மஸ்கட்டிலிருக்கும் மகள் வீடியோ காலில் “காலைக் காட்டுங்கப்பா” என்பாள். ஃபோனைக் கட்டிலின் கால்மாட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டுவார். “முகத்தைக் காட்டச் சொல்லவே மாட்டேங்குறா, கழுதை” என்பார். நேரில் அவரைப் பார்க்க ஒருவரும் வந்ததில்லை, எங்கள் கூட்டத்தைத் தவிர.

அன்றிலிருந்து என் சுற்றில் அவர் ஒரு நிறுத்தமானார். எனக்கு வேலை மிச்சம், அவரே நடத்திக்கொள்வார். “எந்த ஊரு பாப்பா?” “முசிறி, அங்கிள்.” “குணசீலம் வழியா வந்தீங்களா, குளித்தலை சுத்தி வந்தீங்களா?” பக்கத்திலிருந்த அப்பா சற்று விறைப்பாக, “கார்ல வந்தோம்” என்றார். “கார் மட்டும் பறந்தா வந்துச்சு? வழியச் சொல்லுங்க.” எதற்கு டாக்டராக வேண்டும் என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். மனப்பாடம் செய்திருந்த பதில் வந்தது: “சேவை செய்யணும் அங்கிள்.” “சேவை ஒரு பக்கம் இருக்கட்டும். பிளாஸ்திரிய வலிக்காமப் பிய்க்க வருமா?” பிறகு எல்லோருடைய கைகளையும் ஒரு நோட்டம் விட்டு, “இத்தனை பேரு நோயாளியப் பாக்க வந்திருக்கீங்க, ஒரு சாத்துக்குடி இல்லையே!” என்றார். நம் ஊரில் இது லேசான குற்றமில்லை. முசிறி அம்மா முகம் சிவந்து, கைப்பையைத் துழாவி ஒரு அதிரசப் பொட்டலத்தை எடுத்து நீட்டிவிட்டார். வார்டு சிஸ்டர் ஓடிவந்து பிடுங்கினார். “சார், நீங்க காலேஜைச் சுத்திக் காட்டுங்க. இவருக்குச் சர்க்கரைய ஏத்தி விடாதீங்க.”

என் ஜோக்குக்கு அவர் ஒருநாளும் சிரித்ததில்லை. “இது போன வாரமே சொன்னீங்க, மைக்கு சார்” என்பார். போன வாரம் நான் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் இரண்டாவது மாடியில் தனியாகக் குடியிருக்கிறேன். மனைவி போய் நாலு வருஷம். வீட்டில் நான் ஏதாவது சொன்னால் பதில் சொல்வது ஃபேன் ஒன்றுதான், அதுவும் எல்லாவற்றுக்கும் ஒரே கடகட.

ஒரு சனிக்கிழமை, கண்டக்டர் கட்டிலுக்கு எதிர்க் கட்டிலில் ஒரு பையன், பதினெட்டு வயது இருக்கும், போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டான். வயிற்றிலிருந்து ஒரு குழாய் மட்டும் வெளியே தொங்கியது. அப்போதும் நான் விடவில்லை. “தம்பிக்கு வெட்கம்” என்று மைக்கிலேயே சொன்னேன். கூட்டத்தை அனுப்பிவிட்டு, மறந்து வைத்த தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பி வந்தேன். போர்வை இன்னும் விலகவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: “அவங்க எல்லாம் போயிட்டாங்களா சார்? அதுல ஒரு பொண்ணு என்கூட ப்ளஸ் டூ படிச்சது.”

பெட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு படி வழியாகவே இறங்கினேன்.

அந்த வாரம்தான் டீன், சுற்றிக்காட்டும் முறையை மேம்படுத்த யோசனை கேட்டு எல்லாப் பிரிவுக்கும் கடிதம் அனுப்பியிருந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக வேடிக்கை கலக்காமல் இரண்டு பக்கம் எழுதினேன். மைக் கூடாது. ஆறு பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. என்னைப்போன்ற வாயாடிக்குப் பதில் இரண்டாம் வருட மாணவர்கள் கூட்டிப்போகட்டும். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறோம், எத்தனை நாள் அழுதோம் என்று அவர்கள் சொல்லட்டும். ஜிம்முக்குப் பதில் புறநோயாளிகள் கூடத்தில் கால் மணி நேரம் பேசாமல் உட்கார வைக்க வேண்டும். வார்டுக்குள் யாரையும் அழைத்துப்போகக் கூடாது. படுத்திருப்பவர்கள் காட்சிப்பொருள் அல்ல. டீன் இந்தக் கடைசி வரியின் கீழே கோடு போட்டு, “மிக நன்று” என்று எழுதியிருந்தார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் சுற்று உண்மையிலேயே நன்றாக நடக்கிறது. புறநோயாளிகள் கூடத்தில் உட்காரும் பிள்ளைகள் ஃபோனை எடுப்பதில்லை. போன வருஷம் ஒரு பையன் அங்கே உட்கார்ந்திருந்துவிட்டு, “எனக்கு இது வேணாம்ப்பா” என்று எழுந்து போனான். அவன் அப்பா என்னைத் திட்டினார். நானோ அதை வெற்றிக் கணக்கில் வைத்தேன். கண்டக்டர் இரண்டு விரல்கள் போய், ஆறிய பாதத்தோடு வீட்டுக்குப் போய்விட்டார். திருவானைக்காவல் வழியாகத்தான் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். எந்தத் தெரு என்று கேஸ் ஷீட்டைப் புரட்டினால் தெரிந்துவிடும். புரட்டவில்லை. காரணம் புதிய முறை தொடங்கிய அந்த முதல் சனிக்கிழமை.

அன்று ஆறு பேரை மாணவர்களோடு அனுப்பிவிட்டு, பெருமையாக டீ குடித்துக்கொண்டிருந்தேன். வார்டு சிஸ்டர் கேன்டீனுக்கு வந்தார். “என்ன சார், இன்னைக்கு வரலையா? கண்டக்டர் விடிகாலையிலேயே ஷேவ் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்காரு. சனிக்கிழமைன்னா அப்படித்தான், உங்களுக்குத் தெரியாதா?”

தெரியாது. யோசனை எழுதியபோது எல்லோரையும் நினைத்தேன், போர்வைக்குள் இருந்த பையனை நினைத்தேன். இவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

லிஃப்டில் போகும்போதே மூன்று ஜோக் தயார் செய்துகொண்டேன். அவர் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்திருந்தார். தலை வாரியிருந்தார், தாடையில் ஒரு சின்ன வெட்டு, அதில் பவுடர். என்னைப் பார்க்கவில்லை, என் தோளைத் தாண்டி எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று ஜோக்கும் எங்கே போயினவோ. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன்.

“இனிமே அவங்க வரமாட்டாங்க அண்ணே. வேணாம்னு நான்தான் எழுதிக் கொடுத்தேன். பரவாயில்ல, சனிக்கிழமை சனிக்கிழமை நான் வரேன்.”

அவர் எனக்குப் பின்னாலிருந்த கதவிலிருந்து பார்வையை எடுத்து, முதல்முறையாக என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒரு டிக்கெட்டுதானா?”