வேதாந்தம் நேராக்கிய கோடு

வேதாந்தத்தின் முப்பத்தொரு வருஷ சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. டெல்லி சர்க்கார் ஆபீஸில் இது அவதாரத்துக்குச் சமானம். மேல்வானில் பட்டுத் திரும்பும் ரேடியோ அலையைக் கம்ப்யூட்டர் கோடாக வரையும். அதைக் கண்காணிப்பது அவர் வேலை. கோடு எகிறினால் படிவத்தில் காரணம் குறிக்கவேண்டும். காரணங்கள் மூன்றுதான்: சூரியன், இடி, ஊழியரின் கவனக்குறைவு. நான்காவதைச் சேர்க்கும் அதிகாரம் பிரம்மாவுக்கே இல்லை.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், முந்தின நாள் மாலை ஆறே முக்காலுக்குக் கோடு எகிறி நிற்கிறது. சூரியன் அதற்குள் அஸ்தமித்தாயிற்று. வானத்தில் பொட்டு மேகமில்லை. மிச்சம் யார்? ரிட்டயராக நாலு மாசம் இருக்கையில் மெமோவா! கதவைச் சாத்தினார். எகிறிய பகுதியை அழித்துவிட்டு, அதற்கு முந்தின ஞாயிற்றின் கோட்டை அங்கே ஒட்டினார். கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது.

புதனன்று கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில், மனைவி ருக்கு காபியோடு வந்தாள்.

"ஏன்னா, எங்கேயோ நட்சத்திரம் வெடிச்சு, காமா கதிர் நம்ம ஆகாசத்து மேலடுக்கையே உலுக்கிடுத்தாமே? ஞாயித்துக்கிழமை ஆறே முக்காலுக்காம். டிவில சொன்னான். உங்க மிஷின்ல தெரிஞ்சிருக்குமோன்னோ?"

வேதாந்தத்துக்குப் புரையேறியது.

ஆபீஸில் டைரக்டர் மாதுரி மேடம் இந்தியில் படபடத்தார். அந்தக் கதிரால் மேல்வானில் மின்துகள்கள் பெருகி, ரேடியோ அலைகள் தடுமாறிவிட்டனவாம். பல நாட்டு நிலையங்களில் பதிவாகியிருக்கிறதாம். "நம்ம கிராஃப் எங்கே? ஜல்தி!"

கொண்டுபோய் வைத்தார். நூல் பிடித்த மாதிரி கோடு. ஊர் உலகத்து வானமெல்லாம் ஆடியிருக்க, டெல்லி வானம் மட்டும் கைகட்டி நின்றிருந்தது.

சாயங்காலமே மெமோ வந்தது: "எல்லோரும் கண்டதை நீர் காணாதது ஏன்?"

வேதாந்தம் பதில் எழுதினார்: "சம்பவம் நடந்தது சுமார் இருநூறு கோடி வருஷங்களுக்கு முன். அச்சமயம் நான் பணியில் சேரவில்லை."

ஃபைல் மூன்று மாடி ஏறி இறங்கியது. விளக்கம் ஏற்கப்பட்டது, மெமோ ரத்து.

பிரிவுபசார விழாவில் மாலை போட்டு, 'கறைபடாத சேவை' என்று புகழ்ந்தார்கள். மெமோவையே ஜெயித்த கோடாயிற்றே என்று அதே வரைபடத்துக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். ருக்கு ஹாலில் மாட்டினாள்.

"கோணாமாணான்னு இல்லாம எவ்ளோ லட்சணமா இருக்கு!"

"கழட்டுடி அதை!" என்றார் வேதாந்தம். "அத்தனை கோடி வருஷம் நடந்து என் மேஜைக்கு வந்தது, ருக்கு. நான்தான் அழிச்சேன்."