சங்கு நகரத்தின் கடைசி அத்தியாயம்

எங்கள் மில் டைம் ஆபீஸ் சுப்புராஜ் நல்ல மனிதர்தான், கேட்டுக்கு வெளியே. உள்ளே வந்துவிட்டால் கடிகாரத்துக்கே தாலி கட்டியவர். காலை ஆறு மணிச் சங்கு ஊதி ஓய்ந்ததும் கேட்டைச் சாத்துவார். ஒரு மாதத்தில் மூன்று தடவை லேட்டானால் பேரை அடித்துவிடுவார். வேலை போச்சு.

அப்பேர்ப்பட்டவர் 1988இல் நாவல் எழுதினார், அதுவும் வளரும் பிள்ளைகளுக்காக! பேர் 'சங்கு நகரம்'. 2010இல் ஒரு ஊர். யாருக்கும் பேர் கிடையாது, நம்பர்தான். சிரித்தால் தண்டனை. தப்பி ஓடும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு, கடைசியில் கேட் காவலன் மனமிரங்கிக் கதவைத் திறந்துவிடுகிறான்.

புத்தகம் வெளிவந்ததும் வாசகர்களிடமிருந்து கார்டு கார்டாக அபிப்பிராயம் வந்தது. தபால்காரர் கண்ணுச்சாமி அவற்றை டீக்கடையில் சத்தமாக வாசித்த பிறகுதான் சுப்புராஜிடம் கொடுப்பார். கான்சாபுரத்து மாணவன், தன் பள்ளிக்கூடத்தில் இப்போதே நம்பர்தான் என்று எழுதியிருந்தான். மகாராஜபுரத்து மிலிட்டரிக்காரருக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துவிட்டது. ஒழுங்காக நடக்கிற ஊரை விட்டு ஓட அந்தப் பெண்ணுக்கு என்ன கொழுப்பு என்று கேட்டிருந்தார். என்னோடு வேலை பார்க்கும் வேலுத்தாய்க்கு வேறு கவலை.

"மூணு வேளைச் சோறு, இருவத்தஞ்சு வயசு வரைக்கும் கல்யாணம் கெடையாதாம். அந்த ஊருக்கு எந்த பஸ்ல ஏறணும் பாலக்கா?"

ஆனால் ஒரு விஷயத்தில் எல்லாரும் ஒரே பேச்சு. கேட் காவலன் கதவைத் திறப்பது சுத்தப் புளுகு. அதை மாற்றினால்தான் மறுபதிப்பு என்று மதுரைப் பதிப்பாளரும் எழுதிவிட்டார். சுப்புராஜ் குதித்தார்.

"ஏன், மனுசன் மாறமாட்டானா? ஒரு எழுத்தக்கூட மாத்தமாட்டேன்!"

அந்த மாதம் வேலுத்தாய் ஏற்கெனவே இரண்டு தடவை லேட். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் பஸ் மூன்றாவது தடவையும் காலை வாரியது. சங்கு ஓய்ந்து, கேட் சாத்திய பிறகு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அண்ணாச்சி, பஸ் பஞ்சரு. ரெண்டு நிமிசந்தான். எங்க வீட்ல அம்புட்டு பேரும் என் சம்பளத்துலதான் கஞ்சி குடிக்காக."

உள்ளே நாங்கள் முப்பது பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். சுப்புராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். திறக்கப்போகிறார் என்று நான் சத்தியமாக நம்பினேன், பாவி.

"பேர அடிச்சாச்சு. வீட்டுக்குப் போம்மா."

"நீயெல்லாம் மனுசனா!" என்று கத்திவிட்டேன். அவர் பாட்டுக்கு டைம் ஆபீசுக்குள் போனார்.

அன்று சாயங்காலமே மதுரைக்கு ஒரு கார்டு போட்டார். கண்ணுச்சாமி அதையும் டீக்கடையில் வாசித்துக் காட்டினார்: "வாசகர்கள் சொல்வதே சரி. கடைசி அத்தியாயத்தில் கேட்டைச் சாத்திவிடுங்கள்."