முன் சீட்டு மரியாதை

சமயநல்லூருக்கு ஒரு மைல் முன்னால், உச்சி வெயிலில் லாரி நின்றுவிடுகிறது. பெட்ரோலையெல்லாம் யுத்தம் குடித்துவிட்டதால், திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகும் இந்த லாரி அடுப்புக்கரியில் ஓடுகிறது. கரியடுப்பு லாரியின் முதுகில் இருக்கிறது. அது சுணங்கினால் ஆள்தான் தள்ள வேண்டும்.

பஞ்சு மூட்டைகள் மேல் உட்கார்ந்து வந்த எட்டுப் பேரும் இறங்குகிறோம். முன் சீட்டில் இருக்கும் சமயநல்லூர்ப் பண்ணையார் மட்டும் இறங்கவில்லை. அவர் இறங்கி நின்றாலாவது பாரம் குறையுமே என்கிறேன் டிரைவரிடம்.

"அவுக முன் சீட்டு ஆளாச்சே. மூட்டையோட மூட்டையா நெனச்சுத் தள்ளுங்கண்ணே" என்கிறார் டிரைவர். அடுப்பைக் கிளறிவிட்டுப் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கிறார்.

தள்ளுகிறோம். என் வேட்டியெல்லாம் கரி. லாரி இருமுகிறது, உறுமுகிறது, கிளம்பியே விடுகிறது.

"நிறுத்த மாட்டேன், ஓடியாந்து தொத்திக்கங்க!"

எட்டுப் பேரும் தொற்றிக்கொள்கிறோம்.

சமயநல்லூர் வருகிறது. பண்ணையாரின் வில்வண்டி சாலையோரம் காத்திருக்கிறது. வண்டிக்காரர் எசமானுக்காகக் குடையை விரிக்கிறார்.

"நிறுத்துப்பா" என்கிறார் பண்ணையார்.

"நின்னா எஞ்சின் அணைஞ்சிரும், ஐயா." டிரைவர் பின்பக்கம் திரும்பிக் கத்துகிறார்: "ஐயாவ இறக்கணுமாம். மறுபடி தள்ளுவீகளா?"

எட்டுப் பேரும் பக்கத்துக் கண்மாயை மிகுந்த அக்கறையோடு பார்க்கிறோம்.

விரித்த குடை பின்னால் சிறுத்துக்கொண்டே போகிறது. பண்ணையார் முன் சீட்டில் அசையாமல் மதுரைக்கு வருகிறார், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லாமல்.