சன்னி கண்டுவிடும் என்றேன்

அத்தானின் கன்னத்தைத் தொட்ட கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டேன். வெயிலில் நிறுத்திய பைக்கின் பெட்ரோல் டேங்க் போலச் சுட்டது.

அத்தான் என் அக்காவின் கணவர். போலீஸ் தேர்வுக்கு வயது வரம்பில் அது அவருக்குக் கடைசி வருடம். தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு குளத்தங்கரைத் திடலில், சித்திரை மாதத்தில், பகல் பதினொரு மணிக்குத்தான் ஓடுவார். விடியற்காலையில் ஓடக் கூடாதா என்று கேட்டால் சிரிப்பார். "செலக்சன் அன்னைக்கு வெயில்லதான ஓட விடுவானுவ? இப்பமே பழகணும். நீ நெழல்ல நின்னு போன்ல டயத்தப் பாரு மாப்ள. நான் போலீசானா மொத கேசு ஹெல்மெட் போடாத ஒம்மேலதான்."

அன்று நான்காவது சுற்றில் கால் பின்னியது. "கண்ணு இருட்டுகு மாப்ள" என்றார். நான் போனிலிருந்து தலையெடுக்காமல், "நின்னுராதீங்கத்தான், இன்னும் ரெண்டு ரவுண்டுதான்" என்று கத்தினேன். திடலின் பாதியைக்கூடத் தாண்டவில்லை, விழுந்தார். கண் செருகிப் பிதற்றினார்.

குளத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் வாளி நிறையத் தண்ணீரோடு ஓடிவந்தாள். நான் வாளியைப் பிடித்துத் தடுத்தேன். "சும்மா இரிங்கக்கா. கொதிக்க ஒடம்புல பச்சத்தண்ணிய ஊத்துனா சன்னி கண்டிரும்."

"எலே மக்கா, ஆளு வெந்து கெடக்கான், நீ சன்னியப் பேசிட்டு நிக்கியா?"

நான் கேட்கவில்லை. யாரோ எப்போதோ காய்ச்சல்காரனுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நின்ற மடையன் நான். துண்டால் போர்த்தி, தலை தொங்கியவரை நிமிர்த்தி, ஆட்டோவில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா பிறகு விளக்கினார். வெயிலில் ஓடுகிறவனின் காலும் ரத்தம் கேட்கும்; சூட்டை வெளியே தள்ளத் தோலும் ரத்தம் கேட்கும். வேர்வையில் தண்ணீர் போகப்போக ரத்தத்தின் அளவே குறையும். இதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் இரண்டுக்கும் கொடுத்து மாளாது. அப்புறம் உடம்பு உள்ளே வேகும். விழுந்த இடத்திலேயே நனைத்தால் பிழைக்க வழியுண்டு. "தண்ணி ஊத்துனீங்களா?" என்று கேட்டார். அக்கா பக்கத்தில் நின்றாள். "ஊத்துனோம்" என்றேன். மூன்றாம் நாள் அத்தான் செத்துப்போனார்.

வருடம் ஆறாகிறது. அந்தப் பெண் எதிரே வந்தால் இன்றும் வேறு வழியில் திரும்பிவிடுகிறேன். வீட்டுக்கு யார் வந்தாலும் அக்கா சொல்கிறாள்: "எந்தம்பி கொளத்துத் தண்ணிய கோரிக் கோரி ஊத்துனானாம். அவருக்கு ஆயுசு அவ்வளவுதான்." சொல்லிவிட்டு என் முதுகைத் தடவிக்கொடுக்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.