பூஜையில் வைத்த டிஜிட்டல் டைரி

தொண்ணூறுகளின் நடுவில் என் மைத்துனர் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது எனக்கு ஒரு டிஜிட்டல் டைரி கொண்டுவந்தார். மூக்குக்கண்ணாடிக் கூடு அளவு இருக்கும். திறந்தால் மேலே மூன்று வரி கொள்ளும் சாம்பல் நிறத் திரை, கீழே துவரம்பருப்பு அளவில் ஆங்கில எழுத்துகள். பெயர், டெலிபோன் நம்பர், குறிப்புகள், அலாரம் எல்லாம் அதற்குள் வைத்துக்கொள்ளலாம். "உங்களுக்கு மறதி ஜாஸ்தியாயிட்டு வருதுன்னு தங்கச்சி லெட்டர்ல எழுதியிருந்தா" என்று சொல்லிக் கொடுத்தார். பரிசோடு குற்றப்பத்திரிகையும் சேர்ந்து வந்தது.

எனக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்புகளுக்கு உதிரிபாகம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் பர்ச்சேஸ் வேலை. ரயிலில் புத்தகம் படித்துக்கொண்டு போவதால் கம்பெனியில் எனக்குப் படித்தவன் என்று பெயர். என்ன புத்தகம் என்று யாரும் கேட்டதில்லை என்பதால் அந்தப் பெயர் நிலைத்திருந்தது. இப்போது கையில் மிஷின் வேறு.

முதல் மாதம் என் வாழ்க்கை முழுவதையும் அதில் ஏற்றினேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்த தேதி, பால் கார்டு வாங்கும் தேதி, ரயில் நேரம். எட்டு பதினாலு ரயிலைப் பிடிக்க எட்டு மணிக்கு அலாரம் வைப்பேன். அது அடிக்கும். அதை நிறுத்துவது எந்தப் பட்டன் என்று தேடி முடிப்பதற்குள் எட்டு பதினாலு போய்விடும். மளிகைச் சாமான் பட்டியலையும் அதில்தான் போட்டேன். கடைக்காரர் தராசோடு காத்திருக்க, அம்புக்குறியை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு சாமானாகப் படிப்பேன். பின்னால் நின்றவர் ஒருநாள் பொறுக்க முடியாமல், "இன்னா சார், பருப்பு வாங்க வயர்லெஸ்ல உத்தரவு கேட்டுகினு கீறியா?" என்றார். ஹொனலூலுவில் இப்போது என்ன மணி என்று அந்த மிஷின் ஒரு பட்டனில் சொல்லும். எங்கள் தெருக் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அதற்கும் தெரியாது.

என் மனைவி தினசரிக் காலண்டர் கட்சி. கிழித்த தாளைத் தூக்கிப் போட மாட்டாள். அதன் பின்பக்கம் எழுத வேண்டியதை எழுதி, சமையலறைக் கம்பியில் குத்திவிடுவாள். வேண்டும்போது கம்பியைப் பார்ப்பாள். மூன்று நொடிகூட ஆகாது. அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் இந்திப் பரீட்சைகளை வரிசையாக எழுதித் தேறியவள் அவள். அதன்பின் பன்னிரண்டு வருஷம் அந்த இந்தி, பரணில் ஏற்றிய அண்டாவைப்போல் கிடந்தது. ஊர்ச் சுவர்களெல்லாம் இந்தி வேண்டாம் என்று எழுதியிருந்தன. அந்தச் சுவர்களுக்கு உள்ளே இருந்த பிள்ளைகளோ சாயங்காலமானால் இந்தி டியூஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம் விஜயதசமி அன்று தானும் ஒரு டியூஷன் ஆரம்பிப்பதென்று அவள் முடிவு செய்தாள். காலை ஒன்பது மணி. இடம், கீழே குடியிருந்த ஹவுஸ் ஓனர் அம்மாவின் கார் ஷெட். அந்த ஷெட்டில் எந்தக் காலத்திலும் கார் நின்றதில்லை. மாடியில் எங்கள் போர்ஷனில் கட்டிலை நிமிர்த்தி வைத்தால்கூட நான்கு பிள்ளைகளுக்குமேல் உட்கார முடியாது.

மளிகைக் கடையிலும் எஸ்.டி.டி. பூத்திலும் அட்டை எழுதி மாட்டினாள். எங்களுக்கு டெலிபோன் கிடையாது. ஹவுஸ் ஓனர் அம்மாவின் நம்பரைப் போட்டு, பக்கத்தில் பி.பி. என்று எழுதினால் போதும். கூப்பிட்டால் எங்களை அழைப்பார்கள் என்று ஊருக்கே புரியும். போன் வரும். அந்தம்மா கீழேயிருந்து, "டீச்சரம்மா" என்று குரல் கொடுப்பார். அந்தப் பட்டம் கேட்ட முதல் நாள் இவள் படியில் இறங்கிய வேகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. விசாரித்து, பிள்ளையின் பெயரையும் திரும்பக் கூப்பிட வேண்டிய நம்பரையும் காலண்டர் தாளில் எழுதிக் கம்பியில் குத்துவாள். இப்படிப் பதினோரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். அடுத்த தெருவில் இன்னொரு டீச்சர் இருந்தார். அவரிடம் கரும்பலகையும் மின்விசிறியும் இருந்தன. அவரும் அதே விஜயதசமிக்குப் புது வகுப்பு ஆரம்பிப்பதாகப் பேச்சு. பதினோரு பேரையும் முதல் நாளே உட்கார வைத்துவிட்டால் பயமில்லை என்பது என் மனைவியின் கணக்கு.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினோரு தாள்களையும் கம்பியிலிருந்து உருவி, பெயரையும் நம்பரையும் டிஜிட்டல் டைரியில் ஏற்றினேன். விஜயதசமி காலை ஒன்பது மணிக்கு அலாரமும் வைத்தேன். காலாவதியான தொழில்நுட்பமாகிவிட்ட அந்தத் தாள்களை பாய்லரில் போட்டு, வெந்நீர் வைத்துக் குளித்தேன்.

எங்கள் கம்பெனியில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மாலையே பூஜை போட்டுவிடுவார்கள். அதன்பின் இரண்டு நாள் லீவு. பூஜை முழுக்க ஃபோர்மேனின் பொறுப்பு. அம்பத்தூருக்கு அடுத்த பாடியில் வீடு அவருக்கு. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். லேத்தையும் தகடு வெட்டும் பிரஸ்ஸையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, முன்னால் ஒரு பலகையில் ஸ்பேனர், அளவு பார்க்கும் வெர்னியர், தராசு எல்லாம் அடுக்கியிருந்தார். நான் என் டிஜிட்டல் டைரியை எடுத்து வெர்னியர் பக்கத்தில் வைத்தேன்.

"இது இன்னா சார், கால்குலேட்டரா?"

"டைரி. நம்ம ஆயுதம் இதானே?"

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "வெச்சா வெச்சதுதான் சார். வெசயதசமிக்கு மறுநாள்தான் தொடணும். நல்லா ரோசன பண்ணிக்கோ."

ஏழெட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இருக்கட்டும்" என்றேன். அவர் கட்டைவிரலால் திரையில் சந்தனம் அப்பி, எழுத்துகளின் மேலும் தாராளமாக ஒரு கோடு இழுத்தார். வாசலில் பூசணிக்காய் உடைத்ததும் கம்பெனி ஷெட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் ஆயுத பூஜை. காலை பத்து மணி இருக்கும். ஹவுஸ் ஓனர் அம்மா மாடிப்படியில் பாதிவரை ஏறி வந்தார். அவ்வளவு தூரம் அவர் ஏறி வந்தால் விஷயம் நல்லதாக இருக்காது.

"டீச்சரம்மா, எங்க தம்பி புதுசா டெம்போ எட்த்துகீறான். சாயங்காலம் இட்டாந்து ஷெட்ல வுடுறான். நாளிக்கு பத்தரைக்குத்தான் நல்ல நேரமாம். அதுக்கு முன்ன வண்டிய நவுத்தக்கூடாது. உன் கிளாஸ பதினோரு மணிக்கு வெச்சிக்கோ கண்ணு."

ஷெட் அவருடையது. என் மனைவி தலையாட்டிவிட்டு உள்ளே வந்தாள். "ஏங்க, அந்த நம்பரெல்லாம் எடுங்க. பூத்துக்குப் போய் ஒவ்வொருத்தருக்கா சொல்லிடலாம்."

நான் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். இல்லை என்று தெரிந்தும் ஒரு மரியாதைக்குத் தொட்டேன். பிறகு சொன்னேன். அவள் கம்பியைப் பார்த்தாள். அதில் மின்சாரக் கட்டண ரசீது ஒன்று மட்டும் தொங்கியது.

"யார் வீடாவது தெரியுமா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேர் வீடு தெரியும். மத்தவங்க குரல்தான் தெரியும்."

பாடிக்கு பஸ் ஏறினேன். ஃபோர்மேன் வீட்டு வாசலில் கழுவித் துடைத்த சைக்கிள் மாலை போட்டுக்கொண்டு நின்றது. அதன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர் எழுந்தார்.

"வா சார், இன்னா பண்டிக நாளும் அதுவுமா?"

சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நான் நேத்தே சொன்னனா இல்லியா?"

"சொன்னீங்க."

"நீ இன்னா சொன்ன?"

"இருக்கட்டும்னு சொன்னேன்."

"இர்ந்துகினு கீது. எங்கியும் போவல."

உள்ளேயிருந்து அவர் மனைவி, "பாவம்யா, டீச்சரம்மாவுக்காக வந்துகீறாரு. சாவியக் குட்த்துடேன்" என்றார். ஃபோர்மேன் இடது கையை என் முன்னால் நீட்டினார். ஆள்காட்டி விரல் பாதிதான் இருந்தது. பத்து வருஷமாக நான் பார்த்துவந்த விரல். ஒருநாளும் கேட்டதில்லை.

"முன்ன இர்ந்த கம்பெனில, பூஜை போட்ட பிரஸ்ஸ மறுநாளே ஓட்டச் சொன்னாங்க சார். அவசர ஆர்டராம். சொன்னவரும் உன்ன மாதிரி நல்லா படிச்சவருதான்."

விபத்துக்கும் பூஜைக்கும் சம்பந்தமில்லை, பிரஸ்ஸில் தடுப்புக் கம்பி இல்லாததுதான் காரணம் என்று விளக்க முடியும். அதற்கான வாதங்களைப் பல புத்தகங்களில் அடிக்கோடிட்டுப் படித்திருக்கிறேன். அந்தப் பாதி விரலைப் பார்த்தபடி சுண்டல் சாப்பிட்டேன். கிளம்பும்போது ஒரு பை நிறையப் பொரி கொடுத்தார்கள்.

வீட்டில் மனைவி பையைப் பார்த்தாள்.

"சாவி வாங்கத்தானே போனீங்க?"

"ஆமாம்."

"இது?"

"பொரி."

வாங்கி டப்பாவில் கொட்டினாள். பிறகு தெரிந்த இரண்டு வீடுகளுக்கு அவளே நடந்துபோய், பதினோரு மணி என்று சொல்லிவிட்டு வந்தாள். "மிச்சம் ஒம்பது பேர் நாளைக்கு வந்து வண்டியப் பாப்பாங்க. அப்படியே அடுத்த தெருவுக்குப் போவாங்க" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் செய்தி வாசிப்பதுபோல் சொன்னாள்.

விஜயதசமி காலை தெரு முழுக்க மழைச் சேறு. ஷெட்டுக்குள் நீல நிற டெம்போ, நெற்றியில் சந்தனம், கழுத்தில் சாமந்தி, நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். பின்பக்கம் மூடாத தொட்டி. ஒன்பது மணிக்கு ஒவ்வொருவராக வந்தார்கள். அம்மாவோடு, அப்பா சைக்கிளில், எல்லோரும் கையில் புது நோட்டு. பதினோரு மணிக்கு வரச்சொன்ன இரண்டு பேரும் ஒன்பதுக்கே வந்து நின்றார்கள். நல்ல நாளில் சீக்கிரமே ஆரம்பிப்போம் என்று அவர்கள் வீட்டில் முடிவு செய்தார்களாம். அதே நேரம் எஸ்டேட்டில், பூட்டிய ஷெட்டுக்குள், என் அலாரம் லேத்துக்கு நினைவூட்டிக்கொண்டிருந்திருக்கும்.

உட்கார இடமில்லை. ஓர் அம்மா தன் மகனிடம், "அந்தத் தெருவுலயும் ஒரு டீச்சர் இருக்காங்கல்ல?" என்று மெதுவாகக் கேட்டது என் காதில் விழுந்தது. என் மனைவியின் காதிலும் விழுந்திருக்க வேண்டும். கஞ்சி போட்ட காட்டன் புடவையோடு சேற்றைத் தாண்டி நேராக ஓனர் அம்மாவின் தம்பியிடம் போனாள். அவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, வண்டி எப்போ கிளம்பணும்?"

"பத்தரைக்குத்தான்க்கா."

"அதுவரைக்கும் சும்மாதானே நிக்குது?"

"ஆமா."

"பிள்ளைங்க மேல ஏறி உக்காந்தா?"

அவர் யோசித்தார். "பூஜை போட்ட வண்டிய ஓட்னாத்தான்க்கா தப்பு. ஏறி குந்தினா இன்னா? அதுவும் படிப்பு. செருப்ப மட்டும் கீய உட்ருங்க."

நேற்று பாடியில் இந்தச் சட்ட நுணுக்கம் எனக்குத் தோன்றவில்லை. பதினோரு பிள்ளைகளையும் தூக்கித் தூக்கித் தொட்டியில் ஏற்றியது நான்தான். இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். என் மனைவி நடுவில் ஒரு தண்ணீர்க் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, இந்தியில் அ, ஆ என்று ஆரம்பித்தாள். அம்மாக்கள் ஷெட் ஓரமாக நின்று பார்த்தார்கள். ஒருவரும் போகவில்லை.

பத்தரை ஆயிற்று. தம்பி கற்பூரம் காட்டிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "எறங்குங்க கண்ணுங்களா" என்றார். ஒரு பிள்ளையும் அசையவில்லை. என் மனைவியைப் பார்த்தார். அவள் அம்மாக்களைப் பார்த்தாள். ஓனர் அம்மா குறுக்கே வந்து, "மொத சவாரி படிக்கிற புள்ளைங்களோட போனா நல்லதுதான்டா. மெதுவா ஒரு சுத்து சுத்தி இட்டா" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

அந்த ஒரு சுற்று அடுத்த தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். வேறு வழியில் அன்று முழங்கால் தண்ணீர். சேற்றுக்காக வண்டி மாட்டுவண்டி வேகத்தில் போயிற்று. பின்னால் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். தொட்டியில் பதினோரு பேரும் உயிரெழுத்துகளை ஊர்வலக் கோஷமாகக் கத்திக்கொண்டு போனார்கள். குடத்தின் மேல் ஒரு கை, கம்பியில் ஒரு கையாக என் மனைவி. கரும்பலகையும் மின்விசிறியும் உள்ள வீட்டு வாசலுக்கு அங்கே படிக்க வந்திருந்த பிள்ளைகள் மொத்தப் பேரும் ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய டீச்சரும் வந்து பார்த்தார். இரண்டு டீச்சர்களும் ஒருவருக்கொருவர் மரியாதையாக வணக்கம் சொல்லிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் புதிதாக ஆறு பிள்ளைகள் வந்தார்கள். வந்ததும் கேட்டது, "வேன் எப்போ வரும்?" என்பது. வேன் ஒருநாள்தான் என்று என் மனைவி உண்மையைச் சொன்னாள். இரண்டு பேர் அப்போதே திரும்பிப் போனார்கள். நான்கு பேர் சந்தேகத்தோடு உட்கார்ந்தார்கள். டெம்போ தினமும் விடிந்ததும் லோடுக்குப் போய்விட்டதால் ஷெட் அவளுக்கே ஆயிற்று. அந்த வட்டாரத்தில் அவளை இந்தி டீச்சர் என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. வேன் டீச்சர் என்று கேட்டால் கைகாட்டுவார்கள்.

என்னையும் தெரியும். ஸ்டேஷனில் எட்டு பதினாலுக்கு நின்றால் முன்பின் பார்க்காத யாராவது பக்கத்தில் வந்து, தோளைத் தொட்டு, "சார், நீதானே வேன் டீச்சர் ஊட்டுக்காரு? ஆவடிக்கு ஊடு மாத்தறேன். ஒரு பீரோ, ரெண்டு கட்டிலு. வண்டி எப்ப ஃபிரீயா கீது?" என்பார்கள்.