பெரியப்பா வீட்டுக்கு எதிரே ஒரு கழிப்பறை

ஃபியோனா வடக்கே எரவாடாவில் பிறந்து வளர்ந்தவள். தமிழைத் தட்டுத் தடுமாறித்தான் பேசுவாள். ஆனால் பெரியப்பா சவரிமுத்து சொன்ன ஒரு வார்த்தை மட்டும் அவளுக்குப் பிசகாமல் நினைவிருந்தது.

அப்பா செத்த மறுவருஷம் அது. அம்மா ஆரோக்கியமணி அவளைக் கூட்டிக்கொண்டு, தூத்துக்குடிப் பக்கத்துப் பழைய கடலோர ஊருக்குக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள். கடலைப் பார்த்தபடி பெரியப்பாவின் மாடி வீடு. கொடியேற்றத்தன்று அம்மாவுக்கு வயிற்றைக் கலக்கியது. கக்கூஸைப் பூட்டிச் சாவியை மடியில் செருகியிருந்தார் பெரியப்பா; தம்பி பெண்டாட்டி சொத்தில் பங்கு கேட்டுவிடுவாளோ என்று எரிச்சல். அம்மா கெஞ்சினாள். விருந்தாளிகள் முன்னால் அவர் சொன்னார்: “கடலு கெடக்குல்ல, அங்க போ.”

பட்டப்பகலில், பட்டுச்சேலையோடு, படகுகளுக்குப் பின்னால் அம்மா ஒதுங்கினாள். சின்னப் பிள்ளை ஃபியோனா காவல் நின்றாள். வலை உதறிக்கொண்டிருந்த ஆண்கள் சிரித்தார்கள். பெரியப்பாவோ வராந்தா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், படுபாவி.

வளர்ந்து கட்டடக்கலை படித்தாள். பழைய ஊர்களைச் செப்பனிடும் விமான் நகர் அலுவலகம் ஒன்றில் வேலை. ஒருநாள் முதலாளி அனந்தராமன் ஒரு கடற்கரைக் கிராமத்தின் வரைபடத்தைத் திரையில் போட்டார். சுற்றுலா வருகிறவர்களுக்கும் மீன் விற்கும் பெண்களுக்கும் கழிப்பறை, உடை மாற்றும் அறை, குடிதண்ணீர். கக்கூஸ் வேலை யாருக்கு வேண்டும்? எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டார்கள். ஊர்ப் பெயரைப் படித்த ஃபியோனா கையைத் தூக்கினாள்.

கட்டுவதற்கு இரண்டு இடம் இருந்தது. ஒன்று மீன் ஏலக்கூடத்தின் பக்கம். இன்னொன்று பெரியப்பா வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே. சும்மா விடுவாளா? இரண்டாவதுதான் பழைய கோயிலை மறைக்காது என்று பக்கம் பக்கமாகக் காரணம் எழுதி ஒப்புதலும் வாங்கிவிட்டாள். வாசலை அவர் நாற்காலிக்கு நேராக வரைந்தாள்.

விஷயம் ஊருக்குத் தெரிந்ததும் பெரியப்பாவே போன் செய்தார். “ஏ பிள்ள, நம்ம குடும்பத்துப் பிள்ளையல்லா நீ? வீட்டு முன்னால கக்கூஸக் கொண்டாந்து வச்சா, நான் எங்க போயி காத்து வாங்க?”

“கடல் கெடக்குல்ல பெரியப்பா, அங்க போங்க.”

அந்தப் பக்கம் பட்டென்று போன் வைக்கப்பட்டது. ஃபியோனாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் சுடச்சுட ஜிலேபி வாங்கிக்கொண்டாள்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மடிக்கணினியில் அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள். வாசலில் விரலை வைத்தாள்.

“இது அவரு நாற்காலியப் பாத்தா இருக்கு?”

“ஆமாம்மா. பாக்கட்டும். ரோஜ், தினமும் பாக்கட்டும்.”

“பாப்பாரு. உள்ள போறவளயும் பாப்பாரு, வெளிய வாரவளயும் பாப்பாரு. கூட நாலு ஆம்பிளையும் உக்காந்து பாப்பாவ. எந்தப் பொம்பள வருவா? அவ மறுபடியும் படகுக்குப் பின்னாலதான் போவா.”

கன்னத்தில் அறை வாங்கியது போல் இருந்தது ஃபியோனாவுக்கு. அவரைப் பழிவாங்கும் வெறியில், அம்மாவைப் போன்றவர்களை அவள் நினைக்கவே இல்லை. இத்தனை வருஷக் கறுவலும் வீணா? ஆத்திரத்தில் அழுகையே வந்தது.

“சரிம்மா, ஏலக்கூடத்துப் பக்கமே மாத்திடறேன். அவரை விட்டுடலாம்.”

“விடச் சொன்னது யாரு?” அம்மா குரலை உயர்த்தவில்லை. “எடம் இதேதான். வாசலக் கடல் பக்கம் திருப்பு, முன்னால ஒரு மறைப்புச் சுவரு வை. கரையிலருந்து மீன் கூடையோட வாரவளுக்கும் அதுதான் வழி. அவரு பக்கம் சன்னலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வெறும் சுவரு.”

ஃபியோனா கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். அம்மா ஒரு ஜிலேபியை எடுத்துப் பிட்டாள்.

“எவ்வளவு ஒசரம் வரைக்கும் கட்ட விடுவாவ?”

ஃபியோனா சொன்னாள்.

“அதுல ஒரு அங்குலம்கூடக் கொறைக்காத.”