வறண்ட ஆற்றில் விரித்த பாய்

மூன்று வருடங்களுக்கு முன், அரையாண்டு விடுமுறையில் ஓமன் நாட்டின் முசந்தம் என்ற இடத்துக்குப் போயிருந்தோம். என் கணவர் அங்கே ஒரு கடையில் வேலை பார்க்கிறார். நானும் எட்டு வயது மகளும் நன்னிலம் பக்கத்திலிருந்து முதல் தடவையாகக் கிளம்பிப் போனோம். முசந்தம் ஒரு தீபகற்பம். பேருக்குக்கூட மண் இல்லை, வெறும் பாறை மலை. அதுவும் சரிந்து இறங்காமல் சுவர் மாதிரி நேரே கடலுக்குள் போய் நிற்கிறது. கோபுரத்தைத் தவிர உயரமாக எதையும் பார்த்திராத நான் இரண்டு நாள் கழுத்து வலிக்க அண்ணாந்துகொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் மதியம், இரண்டு மலைகளுக்கு நடுவே காய்ந்து கிடந்த ஆற்றில் பாய் விரித்துச் சாப்பிட உட்கார்ந்தோம். கார் மேலே ரோட்டில் நின்றது. எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். தூரத்து உச்சியில் மட்டும் கறுப்பாக மேகம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் இறங்கி வந்து, அந்த மேகத்தைக் காட்டி ஏதோ சொன்னார். மலையில் மழையாம், மேலே ஏறி வரச் சொல்கிறார் என்று சொல்லிக்கொண்டே கணவர் பாதி எழுந்துவிட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் காவிரிக் கடைமடைக்காரி. தண்ணீரைப் பற்றி எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

“மேட்டூர்ல திறந்தா நம்ம வாய்க்காலுக்கு வர பத்து நாளாவுது. அதுக்குள்ள சாப்பிட்டுக் கை கழுவிடலாம், உக்காருங்க” என்றேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பெண் அதற்கு மேல் பேசவில்லை. என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறுவென்று மேட்டில் ஏற ஆரம்பித்தார். பதறிப்போய் ஓடினேன். மகளின் இன்னொரு கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் விடவில்லை. என்னையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு ஏறினார். பின்னால் கணவரும் ஓடி வந்தார்.

ரோட்டை எட்டியபோது கீழே கற்கள் உருளும் சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் உயரத்துக்குச் செந்நிறத் தண்ணீர், பாறைகளைப் புரட்டிக்கொண்டு வந்தது. பாயையும் சாப்பாட்டையும் காணோம். எங்கள் ஊரில் மண் குடித்தது போக மிச்சம்தான் நகர்ந்து வரும். இந்தப் பாறை ஒரு சொட்டைக்கூட வைத்துக்கொள்வதில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என் கணவரிடம் ஏதோ கேட்டார். கணவர் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார்.

“உங்க ஊர்ல தண்ணியே கிடையாதான்னு கேக்கறாங்க.”

காவிரிக்காரியான நான் மகளின் தோளைப் பற்றிக்கொண்டு கார் பக்கம் திரும்பினேன்.

காரில் ஏறியபிறகுதான் கவனித்தேன், மகளின் இரண்டு மணிக்கட்டுகளும் சிவந்திருந்தன. ஒன்றில் அந்தப் பெண்ணின் விரல் தடம், இன்னொன்றில் என்னுடையது. அவளை ஆற்றுப் பக்கம் இழுத்தது பெற்ற தாயான என் கைதான். எல்லாம் தெரிந்தவள்போல் பேச வாயெடுக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்புத் தடம் கண்முன் வந்து என்னை நிறுத்துகிறது.